முகம் காட்டாத பேய்

எனக்குப் பேய்ப் படங்கள் பிடிக்கும். நாற்பது வயதைத் தாண்டிய, சில நாவல்கள் எழுதிய ஒரு மனிதன் இப்படிச் சொல்வதை இலக்கிய நண்பர்கள் அவ்வளவாக ரஸிப்பதில்லை. ஏதோ வேடிக்கையாகச் சொல்கிறேன் என்று சிரித்துவிட்டு, ‘நல்ல’ படங்களைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்கள். நான் பிடிவாதமாக மறுபடியும் சொன்னால், எழுதிக் களைத்த மூளைக்கு ஓய்வு வேண்டும் அல்லவா என்று எனக்காக ஒரு சமாதானத்தையும் அவர்களே கண்டுபிடித்துக் கொள்வார்கள். வாஸ்தவத்தில் நான் ஓய்வுக்காக இவற்றைப் பார்ப்பதில்லை. கதை சொல்லும் தொழிலைப் பற்றி நான் அறிந்தவற்றில் பாதியை இந்தப் படங்களிடமிருந்துதான் கற்றுக்கொண்டேன். கற்றதில் முக்கியமான ஒன்றை, தக்க சமயத்தில் கைவிட்டும் இருக்கிறேன். இரண்டையும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதல் பாடம் எனக்குக் கிடைத்தது கண் வழியாக அல்ல, காது வழியாக.

எங்கள் ஊரில் குளத்தங்கரையை ஒட்டி ஒரு டூரிங் டாக்கீஸ் இருந்தது. நான் ஐந்தாவது வகுப்புப் படித்துக்கொண்டிருந்தபோது அங்கே ஒரு பழைய பேய்ப் படம் வந்தது. அது என்ன படம் என்பது இங்கே முக்கியமில்லை. பிள்ளைகள் அதைப் பார்க்கக் கூடாது என்று வீட்டில் உத்தரவு. ஆனால் காதுக்கு உத்தரவு போட யாரால் முடியும்? இரண்டாவது ஆட்டத்தின்போது ஊர் அடங்கிவிடும். கொட்டகையின் குழாய்ச் சத்தம் குளத்துத் தண்ணீர் மேலாகவே வந்து எங்கள் திண்ணையில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். ஆச்சி அரிக்கேன் விளக்கை வைத்துக்கொண்டு புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருப்பாள். நான் பக்கத்தில் படுத்திருப்பேன்.

“ஏல, கொலுசு கேக்கு பாரு. அவ மாடிப்படி ஏறுதா. இன்னா, இப்பக் கதவத் தெறப்பா பாரு” என்பாள் ஆச்சி.

சொல்லி வாய் மூடுமுன் கதவு கிரீச்சிடும். ஆச்சியும் அந்தப் படத்தைப் பார்த்தவள் அல்ல. முதல் நாள் கேட்ட சத்தத்தை வைத்து மறுநாள் கதையைக் கட்டிவிடுவாள். அந்த மாடிப்படி எப்படிப்பட்டது, அந்தக் கதவுக்கு என்ன நிறம் என்பதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும். படி எங்கள் ஊர்ப் பண்ணையார் வீட்டுப் படி. கதவு எங்கள் வீட்டு நெல்லறைக் கதவு. கொலுசு மட்டும் யாருடையது என்று தெரியாது. ஒருநாள், கேட்டுக்கொண்டிருந்த கொலுசுச் சத்தம் திடீரென்று நின்றது. படத்தில் நின்றதா, கொட்டகையில் கரண்டு போயிற்றா, யாருக்குத் தெரியும்? ஆச்சியின் கை புளியின் மேல் அப்படியே நின்றது. அந்தச் சில விநாடிகளில் நான் அடைந்த பயத்தைப் பிறகு எந்தப் படமும் எனக்குக் கொடுத்ததில்லை.

படம் எடுப்பதற்கு முதல் நாள் மாமா என்னைக் கொட்டகைக்கு அழைத்துப் போனார். “நேர்ல பாத்துட்டாம்னா பயம் தெளிஞ்சிரும்” என்பது அவர் கட்சி. மணலில் உட்கார்ந்து பார்த்தேன். கொலுசு கேட்டது. அவள் படி ஏறினாள். கதவு திறந்தது. வெள்ளைச் சேலை, விரித்த தலை, முகம் நிறைய மாவு. எனக்குப் பக்கத்திலிருந்த ஒருவர் உரக்கச் சிரித்தார். நானும் சிரித்தேன். அன்று இரவு நன்றாகத் தூங்கினேன். ஆனால் காலையில் எழுந்தபோது ஏதோ கையிலிருந்ததைத் தொலைத்துவிட்டவன் மாதிரி இருந்தது. மாமாவின் வைத்தியம் பலித்துவிட்டது. அதுதான் சங்கடம்.

அன்று நான் தொலைத்தது என்ன என்பதைப் பல வருஷங்கள் கழித்து, ஓர் அமெரிக்கப் படத்தைப் பார்த்தபோதுதான் புரிந்துகொண்டேன்.

*

அந்தப் படத்தின் பெயர் ‘கேட் பீப்பிள்’. பூனை மனிதர்கள் என்று சொல்லலாம். 1942-ல் வெளிவந்தது. அது பிறந்த கதை, படத்தைப் போலவே ஸ்வாரஸ்யமானது.

அந்தச் சமயத்தில் ஹாலிவுட்டில் ஆர்.கே.ஓ. என்ற கம்பெனி பணக் கஷ்டத்தில் இருந்தது. ஆர்ஸன் வெல்ஸ் என்ற இளைஞரை நம்பி அது எடுத்த ‘ஸிட்டிஸன் கேன்’ (1941), ‘தி மாக்னிபிஸெண்ட் ஆம்பர்ஸன்ஸ்’ (1942) ஆகிய படங்களை இன்று உலகமே கொண்டாடுகிறது. அன்று அவை போட்ட பணத்தை எடுக்கவில்லை. ஆகவே, குறைந்த செலவில் பேய்ப் படங்கள் எடுத்துப் பணம் பண்ணலாம் என்று கம்பெனி முடிவு செய்தது. அதற்காக ஒரு சிறிய பிரிவை ஏற்படுத்தி, வால் லூட்டன் என்பவரைத் தலைவராக வைத்தது.

லூட்டன் 1904-ல் யால்டாவில் பிறந்தவர். சிறு பிள்ளையாக அமெரிக்காவுக்கு வந்தவர். வயிற்றுப்பாட்டுக்காக நாவல்களும் பத்திரிகைக் கதைகளும் எழுதித் தள்ளியவர். பின்னர் டேவிட் ஸெல்ஸ்னிக் என்ற பெரிய படமுதலாளியிடம் கதை இலாகாவில் வேலை பார்த்தவர். சுருக்கமாகச் சொன்னால், நம்மைப் போன்ற ஓர் எழுத்துக் கூலி. கம்பெனி அவருக்கு மூன்று நிபந்தனைகள் விதித்தது. படத்துக்குச் செலவு 1,50,000 டாலரைத் தாண்டக் கூடாது. படம் 75 நிமிஷத்துக்கு மேல் ஓடக் கூடாது. படத்தின் பெயரைக் கம்பெனியே வைக்கும். அந்தப் பெயருக்குக் கதை பண்ண வேண்டியது லூட்டனின் பொறுப்பு. அப்படி அவர் கையில் முதலில் வந்து விழுந்த பெயர்தான் ‘கேட் பீப்பிள்’.

வேறொருவராக இருந்தால் நாலு நடிகர்களுக்குப் பூனை மயிர் ஒட்டி, நகம் மாட்டி, காமிராவுக்கு முன்னால் உறுமவிட்டிருப்பார். மலிவான பூனை வேஷம் எப்படி இருக்கும் என்று லூட்டனுக்குத் தெரியும். பயமுறுத்த வந்த பூனையைப் பார்த்து ஜனங்கள் சிரிப்பார்கள். ஆகவே அவர் பூனையை இருட்டில் வைத்தார். (இதே நிலைமையை 1952-ல் வின்ஸென்டி மின்னெல்லி தம் ‘தி பேட் அண்ட் தி ப்யூட்டிபுல்’ படத்தில் ஒரு காட்சியாகவே வைத்திருக்கிறார். கேவலமான பூனை உடுப்புகளைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொள்ளும் தயாரிப்பாளன், விளக்கை அணைத்துவிட்டு இருட்டைப் பற்றி யோசிக்கத் தொடங்குகிறான்.)

கதை மிகவும் சிறியது. நியூயார்க்கில் தனியாக வாழும் ஐரீனா என்ற ஸெர்பியப் பெண் உடைகளுக்குச் சித்திரம் வரைந்து பிழைக்கிறாள். மிருகக் காட்சிசாலையில் கருஞ்சிறுத்தையின் கூண்டுக்கு முன்னால் நின்று வரைந்துகொண்டிருக்கும்போது ஆலிவர் என்ற கப்பல் வரைபடக்காரனைச் சந்திக்கிறாள். கல்யாணம் செய்துகொள்கிறார்கள். ஆனால் தன் ஊர்ப் பெண்களிடம் ஒரு சாபம் இருப்பதாக அவள் நம்புகிறாள். ஆசையோ பொறாமையோ கோபமோ மிஞ்சினால் சிறுத்தையாகி, தொட்டவனையே கொன்றுவிடுவோம் என்ற பயம் அவளுக்கு. அதனால் புருஷனை முத்தமிடக்கூட அஞ்சுகிறாள். அவன் கொஞ்ச நாள் பொறுத்துப் பார்க்கிறான். பிறகு ஆபீஸில் கூட வேலை செய்யும் ஆலிஸிடம் மனசைச் சொல்கிறான். அதற்குப் பிறகு என்ன நடக்கும் என்பதை வாசகர்களே ஊகிக்கலாம்.

இதில் என்னைக் கட்டிப்போட்ட காட்சி, ஆலிஸ் இரவில் தனியாக நடந்து போகும் காட்சி. பூங்காவின் மதில் ஓரமாக ஒரு ரஸ்தா. நாலைந்து விளக்குகள், அவற்றுக்கு இடையில் இருட்டு. ஆலிஸ் நடக்கிறாள். பின்னால் ஐரீனா வருகிறாள். இருவர் பாதரட்சையும் தரையில் டக் டக்கென்று கேட்கின்றன. ஒரு நடை நிதானம், மற்றொரு நடை வேகம். சங்கீதம் இல்லை. காமிரா ஒருத்தியைக் காட்டுகிறது, பிறகு மற்றவளைக் காட்டுகிறது. கொஞ்ச நேரத்தில் பின்னால் வரும் நடைச் சத்தம் மட்டும் நின்றுவிடுகிறது. திரும்பிப் பார்த்தால் ஐரீனா இல்லை. வெறும் ரஸ்தா. ஆலிஸ் வேகமாக நடக்கிறாள், ஓடுகிறாள், ஒரு விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். புதர் அசைகிறது. ‘புஸ்’ என்று ஒரு சீற்றம். நாம் துள்ளி விழுகிறோம். வந்தது ஒரு பஸ். அதன் பிரேக் போட்ட சத்தம் அது. கதவு திறக்கிறது, ஆலிஸ் ஏறிப் போய்விடுகிறாள்.

எதிர்பாராத சத்தத்தைப் போட்டு ஆளைத் தூக்கிவாரிப் போடும் உத்திக்குச் சினிமாக்காரர்கள் இன்றும் ‘லூட்டன் பஸ்’ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். அலமாரியிலிருந்து பூனை குதிப்பது, ஜன்னல் பட்டென்று அடிப்பது எல்லாம் அந்தப் பஸ்ஸின் சந்ததிகள்தான். ஆனால் காப்பி அடித்தவர்கள் எல்லாரும் பஸ்ஸைத்தான் காப்பி அடித்தார்கள். காட்சியின் உயிர், அதற்கு முன்னால் நின்றுபோன நடைச் சத்தத்தில் இருக்கிறது. கேட்டுக்கொண்டிருந்த ஒன்று கேட்காமல் போன கணத்தில் ஐரீனாவுக்கு என்ன நேர்ந்தது என்ற கேள்விக்கு நாமே ஒரு பதிலைப் படைக்க ஆரம்பித்துவிடுகிறோம். அதைப் பார்த்த அன்று எனக்கு ஆச்சியின் கை ஞாபகம் வந்தது. புளியின் மேல் அப்படியே நின்றுவிட்ட கை.

டைரக்டர் ஜாக் தூர்னரும் ஒளிப்பதிவாளர் நிக்கலஸ் முஸுராகாவும் படம் முழுவதும் இதே நியாயத்தைக் கடைப்பிடித்திருக்கிறார்கள். நீச்சல் குளக் காட்சியில் தண்ணீரின் ஒளி சுவரெல்லாம் அலைகிறது, ஒரு நிழல் நகர்கிறது, உறுமல் எதிரொலிக்கிறது. அவ்வளவுதான். அந்த நிழலுக்காகத் தம் முஷ்டியையே விளக்கின் முன் நீட்டியதாகத் தூர்னர் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். படத்தில் வரும் பெரிய மாடிப்படிகூட வெல்ஸின் படத்துக்காகப் போட்ட ஸெட்டுதான். ஒருவருக்கு நஷ்டம் தந்த படியில் ஏறி இன்னொருவர் லாபம் பார்த்தார் என்று வைத்துக்கொள்ளலாம். படம் நன்றாகவே ஓடியது.

ஆனால் இருட்டும் நிழலும் மட்டும் இருந்திருந்தால் இந்தப் படத்தை நான் ஒருமுறை பார்த்து மறந்திருப்பேன். ஐரீனாவின் முகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஸிமோன் ஸிமோன் என்ற பிரெஞ்சு நடிகை அந்தப் பாத்திரத்தில் நடித்திருக்கிறார். மூடிய படுக்கையறைக் கதவுக்கு உள்ளே ஐரீனாவும் வெளியே புருஷனும் இருக்கும் ஒரு காட்சியில், அவள் கதவின் மேல் கையை வைத்துக்கொண்டு அப்படியே தரையில் மண்டியிடுகிறாள். வெளியே கூண்டிலிருந்து சிறுத்தையின் குரல் கேட்கிறது. அந்த இடத்தில் நமக்கு அவளைக் கண்டு பயம் வருவதில்லை; அவளுக்காகப் பயம் வருகிறது. லூட்டன் மறைத்தது மிருகத்தை. மனுஷியை அவர் மறைக்கவே இல்லை. நம் பேய்ப் படங்களில் பல, இதை அப்படியே தலைகீழாகச் செய்கின்றன. பேயை வெளிச்சம் போட்டுக் காட்டுகிறோம். பேயானவள் ஒரு காலத்தில் எப்படிப்பட்ட பெண்ணாக இருந்தாள் என்பதைக் கடைசி ரீலில், அவசர அவசரமாக, ஒரு பாட்டில் சொல்லி முடித்துவிடுகிறோம்.

குறை இல்லாத படம் என்று சொல்ல மாட்டேன். சிறுத்தையைக் காட்டியே தீர வேண்டும் என்று கம்பெனி மேலிடம் உத்தரவு போட்டது. அதனால், வரைபட ஆபீஸில் இரவில் ஆலிவரும் ஆலிஸும் மாட்டிக்கொள்ளும் காட்சியில் நிஜச் சிறுத்தை ஒன்று நடமாடுகிறது. படைப்பாளிகள் சாமர்த்தியசாலிகள். மேஜையின் கண்ணாடிக்கு அடியிலிருந்து வரும் வெளிச்சத்தை மட்டும் வைத்து, மிருகத்தை முடிந்தவரை இருளில் தள்ளினார்கள். ஆலிவர் வரைபட அளவுகோலைத் தூக்கிப் பிடிக்க, அதன் நிழல் சிலுவையாகச் சுவரில் விழுகிறது. அழகான காட்சிதான். ஆனாலும் அதுவரை ஒவ்வொருவர் மனசிலும் ஒவ்வொரு விதமாக இருந்த மிருகம், அங்கே எல்லாருக்கும் பொதுவான ஒரு மிருகக் காட்சிசாலைச் சிறுத்தையாகிவிடுகிறது. உத்தரவுக்குப் படிந்தும் படியாமலும் இருப்பது எப்படி என்பதற்கு அந்தக் காட்சி ஒரு பாடம். படிந்த அளவுக்கு என்ன நஷ்டம் என்பதற்கும் அதுவே பாடம்.

*

லூட்டன் 1942 முதல் 1946 வரை அந்தக் கம்பெனியில் ஒன்பது திகில் படங்கள் தயாரித்தார். 1951-ல், 46-வது வயதில் இறந்துபோனார். அந்த ஒன்பதில் ‘தி லெப்பர்ட் மேன்’ (1943) படத்தில் வரும் ஒரு காட்சியை மட்டும் சொல்லிவிடுகிறேன். சோள மாவு வாங்கிவர இரவில் மகளைத் துரத்துகிறாள் ஒரு தாய். சிறுத்தை தப்பித் திரிகிறது என்று பயந்துகொண்டே போகிறது பெண். திரும்பி வந்து கதவைத் தட்டிக் கதறுகிறது. பாசாங்கு செய்கிறாள் என்று தாய் திறக்கவில்லை. சத்தத்தின் பேதம் தெரிந்து அவள் ஓடிவரும்போது தாழ்ப்பாள் இறுகிப் போயிருக்கிறது. பிறகு கதவுக்கு அடியிலிருந்து ரத்தம் கசிந்து உள்ளே வருகிறது. காமிரா கதவுக்கு உள்ளேதான் இருக்கிறது, தாயோடு. வெளியே என்ன நடந்தது என்று காட்டியிருந்தால் நாம் சிறுத்தையைக் கண்டு பயந்திருப்போம். காட்டாததனால், பிள்ளை சொன்னதை நம்பாத நம்மைக் கண்டே பயப்படுகிறோம். பிள்ளை பெற்றவர்கள் யாரும் இந்தக் காட்சியை மறக்க முடியாது.

லூட்டனின் பிரிவு ஒரு பள்ளிக்கூடமாகவும் இருந்தது. ‘கேட் பீப்பிள்’ படத்தின் எடிட்டர் மார்க் ராப்ஸனை அவர் 1943-ல் டைரக்டர் ஆக்கினார். வெல்ஸின் படங்களுக்கு எடிட்டராக இருந்த ராபர்ட் வைஸும் அவரிடம்தான் டைரக்டர் ஆனார். பிற்காலத்தில் ‘தி ஸவுண்ட் ஆப் மியூஸிக்’ (1965) எடுத்து உலகப் புகழ் பெற்ற அதே வைஸ்தான். அவர் அதற்கு இரண்டு வருஷம் முன்னால் எடுத்த ‘தி ஹாண்ட்டிங்’ (1963), குருவுக்குச் சிஷ்யன் செலுத்திய தக்ஷிணை. அதில் பேய் தலைகாட்டுவதே இல்லை. சுவருக்கு அப்பால் இடி போன்ற சத்தம்; மூச்சு விடுவதைப் போல் பிதுங்கும் ஒரு மரக்கதவு. இருட்டில் பயந்துபோன பெண் ஒருத்தி, பக்கத்துக் கட்டிலில் இருக்கும் தோழியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். விளக்கு வந்ததும் பார்த்தால் தோழி எட்டாத தூரத்தில் படுத்திருக்கிறாள். அப்படியானால் அவள் பிடித்திருந்தது யார் கை? படம் பதில் சொல்வதில்லை. மார்ட்டின் ஸ்கார்ஸேஸி போன்ற பெரிய டைரக்டர் 2007-ல் லூட்டனைப் பற்றிய ஓர் ஆவணப் படத்தைத் தயாரித்து, தாமே வர்ணனையும் பேசினார் என்றால், இந்தப் பள்ளிக்கூடத்தின் மதிப்பு விளங்கும்.

பேய்ப் படங்களை நேசிப்பவர்களில் இத்தனை பேர் படம் எடுக்கக் கிளம்புவது ஏன் என்று நான் யோசித்திருக்கிறேன். இரண்டு காரணங்கள் தோன்றுகின்றன. முதலாவது, வறுமை இங்கே ஒரு தடையல்ல. ஸாம் ரெய்மி என்ற இருபது வயதுப் பையன், ஒரு குட்டிப் படத்தை எடுத்து டாக்டர்களிடமும் வக்கீல்களிடமும் போட்டுக் காட்டிப் பணம் திரட்டி, 1979-ல் டென்னஸி மாகாணத்துக் காட்டில் ஒரு பாழடைந்த குடிசைக்குப் போனான். காமிராவை ஓட்டுவதற்கு வண்டி வாங்க வழியில்லை. ஒரு பலகையின் நடுவில் காமிராவைக் கட்டி, இரு முனையையும் இரண்டு பேர் பிடித்துக்கொண்டு காட்டுக்குள் ஓடினார்கள். காட்டில் ஏதோ ஒன்று தரையோடு தரையாகப் பாய்ந்து வருகிறது என்ற பிரமை பிறந்துவிட்டது. 1981-ல் வந்த ‘தி ஈவில் டெட்’ அதுதான். ஜான் கார்ப்பென்டர் ‘ஹாலோவீன்’ (1978) படத்தைக் கலிபோர்னியாவில் வசந்த காலத்தில் எடுத்தார். கதை நடப்பதோ இலையுதிர் காலத்தில். காகித இலைகளுக்குச் சாயம் பூசி ரஸ்தாவில் தூவி, ஷாட் முடிந்ததும் பொறுக்கி மூட்டை கட்டி, அடுத்த ஷாட்டுக்குத் தூவினார்கள்.

இரண்டாவது காரணம் இன்னும் முக்கியமானது. ஒரு குடும்பப் படத்தைப் பார்த்துவிட்டு, ‘நல்ல படம்’ என்று மரியாதைக்குச் சொல்லிவைக்கலாம். பயத்தில் மரியாதை செல்லாது. பார்ப்பவன் திடுக்கிட்டான் அல்லது திடுக்கிடவில்லை. ஒரு ஷாட் அரை விநாடி நீண்டுவிட்டால் கொட்டகையே சிரித்துவிடும். தொழில் கற்கும் பையனுக்கு இவ்வளவு கறாரான வாத்தியார் வேறு எங்கும் கிடைக்க மாட்டார்.

அப்படியானால் மறைப்பதுதான் சட்டமா என்று கேட்கலாம். இல்லை. ஜார்ஜ் ரொமேரோ பிட்ஸ்பர்க் பக்கத்தில் சுமார் 1,14,000 டாலரில் எடுத்த ‘நைட் ஆப் தி லிவிங் டெட்’ (1968) படத்தில் எதையும் மறைக்கவில்லை. செத்தவர்கள் எழுந்து வந்து உயிருள்ளவர்களைத் தின்பதை வெளிச்சமாகவே காட்டினார். ரத்தத்துக்குச் சாக்லேட் பாகு ஊற்றினார்கள். கறுப்பு வெள்ளைப் படமாகையால் யாருக்கும் தெரியவில்லை. லூட்டனின் நியாயத்துக்கு நேர் விரோதம். ஆனாலும் அந்தப் படம் என்னை உலுக்கிவிட்டது. பண்ணை வீட்டுக்குள் அடைபட்டவர்களில், இரவு முழுவதும் போராடிப் பிழைப்பவன் ஒரு நீக்ரோ இளைஞன். ட்வேன் ஜோன்ஸ் நடித்திருக்கிறார். விடிந்ததும் துப்பாக்கிகளோடு ஒரு கூட்டம் காப்பாற்ற வருகிறது. ஜன்னலில் தெரிந்த தலையைப் பிணம் என்று சொல்லி ஒருவன் சுடுகிறான். கொக்கியால் இழுத்துப்போய்ப் பிணங்களோடு எரிக்கிறார்கள். அதைப் பத்திரிகைப் போட்டோக்களைப் போல் அசையாத படங்களாகக் காட்டுகிறார் ரொமேரோ. கறுப்பு மனிதர்களைக் கொன்றுவிட்டுக் கூட்டமாக நின்று படம் பிடித்துக்கொண்ட ஒரு தேசம் அது. பேய்களை எல்லாம் காட்டிவிட்ட அந்தப் படம், மனிதர்கள் வரும் வரையில் தன் உண்மையான பயத்தை ஒளித்து வைத்திருந்தது. ஆகவே, காட்டுவதா மறைப்பதா என்பது சில்லறைக் கேள்வி. இந்தக் கதையில் பயம் எங்கே இருக்கிறது என்று படைப்பவனுக்குத் தெரியுமா என்பதே கேள்வி. தெரிந்தவன் அதைக் கடைசிவரை கைவிடாமல் காப்பாற்றுவானா என்பது அடுத்தது.

தமிழில் அப்படிக் காப்பாற்றிய ஒரு படமாக ‘பீட்ஸா’வைச் (2012) சொல்வேன். கார்த்திக் சுப்பராஜ் குறும்படங்கள் எடுத்துப் பழகிவிட்டு வந்து எடுத்த முதல் படம். ஒரு பங்களா, ஒரு டார்ச் விளக்கு, ஒரு பையன். அவன் பட்டதாகச் சொல்லும் அவதியில் நாம் பாதி உயிரை விட்டபிறகு, அத்தனையும் அவன் கட்டிவிட்ட கதை என்று தெரிகிறது. ஏமாந்தோமே என்று எனக்குக் கோபம் வரவில்லை. வாயால் சொன்ன கதைக்கு இவ்வளவு பயந்தோமா என்று சந்தோஷமாகவே இருந்தது. ஆச்சி செய்ததும் அதைத்தானே?

*

இனி என் விஷயம்.

சுமார் பத்து வருஷங்களுக்கு முன் நான் ஒரு சிறுகதை எழுதினேன். ஒரு வீடு. கொல்லையில் கிணறு. தினமும் நள்ளிரவில் யாரோ தண்ணீர் இறைக்கும் ராட்டினச் சத்தம் கேட்கிறது. காலையில் பார்த்தால் தொட்டி நிறைந்திருக்கிறது. அந்த வீட்டு மருமகள் ஒருத்தி செத்துப் பல வருஷமாகிறது. உயிரோடிருந்தபோது அத்தனை பேருக்கும் தண்ணீர் இறைத்துக் கொட்டியவள் அவள். வீட்டார் பயப்படுகிறார்கள், ஆனால் காலையில் அந்தத் தண்ணீரில்தான் குளிக்கிறார்கள். இதுதான் கதை. இறைப்பது யார் என்று நான் சொல்லவில்லை.

அதைப் படமாக்க வேண்டும் என்று எங்கள் ஜில்லாவைச் சேர்ந்த ஓர் இளைஞர் வந்தார். ராட்டினச் சத்தத்தை எந்தெந்த அறையிலிருந்து எப்படிக் கேட்பது என்று ஒரு நோட்டு நிறைய எழுதி வைத்திருந்தார். அவரைப் பார்த்தவுடனே எனக்குப் பிடித்துப் போயிற்று. ஒரு தயாரிப்பாளரும் கிடைத்தார். திரைக்கதையைப் படித்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி, “எல்லாம் சரி சார், பேய் எங்கே?” என்பதுதான். இடைவேளைக்கு முன்னால் பேயின் முகத்தைக் காட்டியாக வேண்டும் என்றார். இளைஞர் மறுத்தார். அன்று மாலை என் வீட்டுக்கு வந்தார். “கதை உங்களுது சார். முடியாதுன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லிட்டா அவங்க கேட்டுக்குவாங்க” என்றார்.

நான் முன்பணம் வாங்கியிருந்தேன். அது வீட்டுக் கடனுக்குப் போயிருந்தது. இதெல்லாம் காரணமே தவிர நியாயமில்லை என்று எனக்குத் தெரியும். இரண்டு நாள் கழித்து, மருமகள் பேய் கிணற்றுக்குள்ளிருந்து முகத்தைத் தூக்கும் காட்சியை இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தேன். நன்றாகவே எழுதியிருந்தேன். அதுதான் வெட்கம்.

படம் வந்தது. முதல் நாள் கொட்டகையில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். ராட்டினச் சத்தம் வந்தபோது ஜனங்கள் மூச்சுவிடவில்லை. அதை அந்த இளைஞர் அவ்வளவு அழகாக அமைத்திருந்தார். பிறகு முகம் வந்தது. கம்ப்யூட்டரில் செய்த முகம். எனக்கு முன் வரிசையில் ஒருவர் சிரித்தார். மணலில் உட்கார்ந்து நான் கேட்ட அதே சிரிப்பு. படம் நாலு நாள் ஓடியது. அந்த வீட்டார் பேயின் உழைப்பில் குளித்த விஷயத்தை ஒருவரும் பேசவில்லை. முகத்தைப் பார்த்துவிட்ட பிறகு அதை யார் நினைப்பார்கள்?

லூட்டனுக்கும் இதே உத்தரவுதான் வந்தது. அவர் மாதச் சம்பளக்காரர், குடும்பஸ்தர். அவர் விளக்கை மேஜைக்கு அடியில் வைத்துச் சமாளித்தார். நான் சமாளிக்கக்கூட முயலவில்லை. இப்போது ‘கேட் பீப்பிள்’ படத்தைப் பார்க்கும்போதெல்லாம் வரைபட ஆபீஸ் காட்சி வந்தால் நான் முன்போல் குறை சொல்லுவதில்லை. எவ்வளவு இருட்டை அவர்களால் காப்பாற்ற முடிந்தது என்று எண்ணிப் பார்க்கிறேன்.

அந்த இளைஞர் அதற்குப் பிறகு கல்யாண வீடியோக்கள் எடுத்துக்கொண்டிருந்தார். வழியில் பார்த்தால், “பரவால்ல சார், விடுங்க” என்பார். அவர் கோபித்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். போன தை மாதம் வீட்டுக்கு வந்தார். கையில் கொஞ்சம் பணம் சேர்ந்திருக்கிறதாம். தன் சித்தப்பா வீட்டுக் கொல்லையில் ஒரு கிணறு இருக்கிறதாம். மூன்று நண்பர்களோடு, அரை மணி நேரப் படமாக, அதே கதையை மறுபடியும் எடுக்க உத்தரவு கேட்டார். அவருடைய பழைய நோட்டைக் கையோடு கொண்டுவந்திருந்தார்.

ஒரு தாளில் சம்மதம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். பணம் எதுவும் வேண்டாம் என்று எழுதினேன். ஒரு நிபந்தனை மட்டும் சேர்த்தேன்: யார் கேட்டாலும், கதை எழுதியவனே வந்து கேட்டாலும், அவள் முகத்தைக் காட்டக் கூடாது.